நினைவைக் காக்கும் குருதி நாளங்கள்

முதுமையில் பலரை வருத்தும் அச்சம் மறதியைப் பற்றியது. பெற்ற பிள்ளையின் பெயரே நாவில் வராமல் போய்விடுமோ என்று மனம் கலங்குகிறது. "வயதானால் மறதி வரத்தான் செய்யும்" என்று வீட்டார் ஆறுதல் கூறுவர். ஆயினும், அம்மறதியில் ஒரு பகுதி மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்களின் தளர்ச்சியால் விளைவது என்றும், அதனை ஓரளவேனும் தடுக்க இயலும் என்றும் மருத்துவ ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

உடலின் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போதும் அது ஏற்கும் பிராணவாயுவில் சுமார் 20 விழுக்காடு மூளைக்கே செலவாகிறது. பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் வசதி மூளைக்கு இல்லை. ஆதலால் குருதியோட்டம் இடையறாது நடைபெற வேண்டும்.

இளமையில் பெருந்தமனி ரப்பர் குழாயைப் போல் விரிந்து சுருங்கும். இதயத் துடிப்பின் வேகத்தைத் தான் தாங்கிக்கொண்டு, குருதியைச் சீராக அனுப்பும். வயது ஏற ஏற அதன் சுவர் விறைக்கிறது. அப்போது துடிப்பின் வேகம் தணியாமல் மூளையின் நுண்ணிய நாளங்களைத் தாக்குகிறது. இரத்த அழுத்தமும் மிகுமாயின் அந்நாளங்கள் தடித்து உட்புறம் குறுகும். மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள் போதிய குருதியின்றி நலிவடையும். எம்.ஆர்.ஐ. படத்தில் அவ்விடங்கள் வெண்திட்டுகளாகத் தெரியும். இதனால் வலி ஏதும் தோன்றாது. நடை தளர்வதும், சிந்தனை மெதுவாவதும், வரவு செலவுக் கணக்குப் பார்ப்பது கடினமாவதுமே அறிகுறிகள்.

அமெரிக்காவில் நடைபெற்ற 'ஸ்பிரிண்ட்' என்னும் ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 9,361 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 140க்குக் கீழும், மற்றப் பிரிவினருக்கு 120க்குக் கீழும் வைத்திருக்கும் நோக்குடன் மருந்து அளிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, இரண்டாம் பிரிவினரிடம் நினைவாற்றலின் தொடக்கநிலைக் குறைபாடு 19 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. வெண்திட்டுகள் பெருகுவதும் குறைந்தது. முற்றிய மறதி நோயைப் பொறுத்தவரை, உறுதியாகக் கூறத்தக்க வேறுபாடு அவ்வாய்வில் கிட்டவில்லை. பின்னர், சீனாவின் சிற்றூர்களில் ஏறத்தாழ 34,000 பேரிடம் நடந்த ஆய்வு அக்குறையை நிறைவு செய்தது. கிராம மருத்துவர்கள் அழுத்தத்தை முறையாகக் கட்டுப்படுத்திய ஊர்களில் மறதி நோய் 15 விழுக்காடு குறைந்தது என்று 2025இல் தெரியவந்தது.

ஆயினும், 120 என்னும் அளவு அனைவருக்கும் பொருந்துவதன்று. நீரிழிவு உள்ளவர்களும் முன்பு பக்கவாதம் கண்டவர்களும் அமெரிக்க ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அழுத்தம் மிகத் தாழ்ந்து மயக்கம் அடைந்தோரும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டோரும் அதில் உண்டு. ஆகவே தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டறிவதே முறை. தலைசுற்றல் இல்லை என்பதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்துதல் கூடாது. ஊறுகாய், அப்பளம் முதலியவற்றின் உப்பைக் குறைத்தலும், புகையிலையை அறவே விடுத்தலும், இயன்ற அளவு நாள்தோறும் நடத்தலும் நாளங்களுக்கு நலம் தரும். எழுபது வயதைக் கடந்தவர்களும் இப்பழக்கங்களை இன்றே தொடங்கலாம்.