கடல் நடுவே சிறுதொழில்: அந்தமான் தரும் பாடங்கள்

சிறுதொழில் தொடங்குவது பற்றிய நமது பாடநூல்கள் பெரும்பாலும் கோவையையும் லூதியானாவையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. மூலப்பொருள் கேட்ட மறுநாளே வந்து சேரும், இயந்திரம் பழுதானால் அடுத்த தெருவிலேயே உதிரிப்பாகம் கிடைக்கும், உள்ளூரில் விற்காத சரக்கை அடுத்த ஊருக்கு லாரியில் ஏற்றிவிடலாம் என்னும் அனுமானங்கள் அவற்றில் சொல்லாமலே அடங்கியுள்ளன. இந்த அனுமானங்களை ஒவ்வொன்றாக நீக்கிய பின்னரும் ஒரு தொழில் நிலைக்க எவை தேவை என்பதை ஆராய, அந்தமான் நிக்கோபார் தீவுகளைவிடப் பொருத்தமான களம் நம் நாட்டில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3,80,581. அவர்களும் ஒரே இடத்தில் வாழவில்லை. வடக்கே டிக்லிபூர் முதல் தெற்கே காம்ப்பெல் விரிகுடா வரை பல தீவுகளில் பரவியுள்ளனர். 1949 முதல் கிழக்கு வங்க அகதிகளும், அவர்களைத் தொடர்ந்து தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், பீகார் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தோரும் இங்குக் குடியேறினர். முதல் தலைமுறைக்கு நிலம் கிடைத்தது. இரண்டாம் தலைமுறையில் பலருக்கு அரசு வேலை கிடைத்தது. மூன்றாம் தலைமுறைக்கு இரண்டுமே அரிதாகிவிட்டன. ஆகவே சொந்தத் தொழில் என்பது இத்தீவுகளின் இளைஞருக்கு ஓர் ஆர்வம் மட்டுமன்று. பிழைப்புக்கான வழியும் ஆகும்.

சரக்கு இருப்பே மூலதனம்

சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பல் பயணம் ஏறக்குறைய மூன்று நாட்கள். இந்த மூன்று நாட்களை மட்டும் கணக்கில் கொள்பவர் ஏமாந்துபோவார். சரக்கு துறைமுகத்தில் காத்திருக்கும் நாட்கள், கப்பலில் இடம் கிடைக்கும் வரை ஆகும் நாட்கள், பருவக்காற்றுக் காலத்தின் தாமதம், தலைநகரிலிருந்து பிற தீவுகளுக்கு மீண்டும் ஒரு கப்பல் என இவை அனைத்தும் சேர்ந்ததே உண்மையான தொலைவாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நாளொன்றுக்கு ரூ. 5,000 மதிப்புள்ள மைதா, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றைப் பயன்படுத்தும் ஒரு சிறிய ரொட்டித் தொழிற்கூடம் இருப்பதாகக் கொள்வோம். சென்னையில் மூன்று நாள் சரக்கு கையிருப்பில் இருந்தால் போதும். முடங்கும் பணம் ரூ. 15,000. தீவில் முப்பது நாள் சரக்கேனும் இருக்க வேண்டும். முடங்கும் பணம் ரூ. 1,50,000. மழைக்காலத்தில் அதை நாற்பத்தைந்து நாளாக உயர்த்தினால் ரூ. 2,25,000. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று கொண்டால், ஆண்டு முழுவதும் முப்பது நாள் இருப்பு வைப்பதற்கான வட்டி ரூ. 18,000, சென்னைக்காரருக்கு இதே செலவு ரூ. 1,800 மட்டுமே. அங்கே மொத்த வியாபாரி ஒரு வாரக் கடனுக்குச் சரக்கு தருவார். இங்கே சரக்கு கப்பலேறுமுன் பணத்தை அனுப்பியாக வேண்டும். விற்பனையோ, அரசு அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் என்றால், கடனில்தான். இரு புறமும் பணம் வெளியே நிற்க, நடுவில் நிற்பவர் தொழில் முனைவோர்.

திட்ட அறிக்கைகள் பிழைபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவற்றில் இயந்திரத்தின் விலை இம்மி பிசகாமல் இருக்கும். நடைமுறை மூலதனம் என்ற இடத்தில் மட்டும் பெருநிலத்து அறிக்கை ஒன்றிலிருந்து எடுத்த எண் இருக்கும். இயந்திரம் வந்து, திறப்பு விழாவும் நடந்து, மூன்றாம் மாதத்தில் மைதா வாங்கப் பணமின்றித் தொழிற்கூடம் நிற்பது தொழிலின் தோல்வியன்று, கணக்கின் தோல்வி. கூடுதல் கடனுக்கு வங்கியை அணுகலாமே எனின், அங்கும் ஒரு தடை உண்டு. 1966ஆம் ஆண்டின் நிலவருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டப்படி தீவுகளின் நிலம் அரசினுடையது. மக்களுக்கு உள்ளவை அதன் கீழ் வழங்கப்பட்ட உரிமைகளே. எனவே பெருநிலத்தில் வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைப்பதுபோல இங்கே எளிதில் வைத்துவிட முடியாது. கடனைப் பரிசீலிக்கும் அலுவலர்கள் இயந்திரத்திற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைச் சரக்கு இருப்புக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தால், மானியம் எதுவும் தராமலேயே பல தொழில்களைக் காப்பாற்றிவிடலாம் என்பது என் கருத்து.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கணக்குத்தான். மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட புதிய அடுப்பு பழுதானால் அதைச் சரிசெய்யும் ஆள் சென்னையிலிருந்து விமானத்தில் வர வேண்டும். உள்ளூர்ப் பட்டறையிலேயே திருத்தக்கூடிய எளிய அடுப்பு, எரிபொருளைச் சற்றுக் கூடுதலாகத் தின்றாலும், இங்கே மலிவானது.

கப்பல் கட்டணம் சுமை மட்டுமன்று, அது ஒரு மதிலும் ஆகும். ரொட்டி, பனிக்கட்டி, அச்சு வேலை, படகு எஞ்சின் பழுதுபார்த்தல், டயர் புதுப்பித்தல் போன்றவற்றில் பெருநிலத்துப் போட்டியை அந்த மதில் தடுத்து நிறுத்துகிறது. தீவில் செய்த பொருளைப் பெருநிலத்திற்கு அனுப்பி விற்க முயல்வோருக்கோ அதே மதில் எதிராக நிற்கிறது. எப்பொருளைச் செய்வது என்று முடிவு செய்யுமுன் இந்த மதிலின் எப்பக்கத்தில் நாம் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நலம்.

சலுகையை நம்பிய தொழில்கள்

மதிலின் எதிர்ப்பக்கத்தில் நின்ற பெருந்தொழில் மரத்தொழில் ஆகும். 1883இல் நிறுவப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலை அரசினுடையது. சுதந்திரத்திற்குப் பின் பம்பூபிளாட்டில் ஒட்டுப்பலகை ஆலையும், பகுல்தலாவில் இன்னொன்றும் இயங்கின. விம்கோ நிறுவனம் தீக்குச்சிகளுக்கான மரச்சில்லுகளை இங்கே தயாரித்தது. கப்பல் கட்டணத்தையும் மீறி இவை நடந்ததற்குக் காரணம், அரசுக் காடுகளிலிருந்து குறைந்த விலையில் கிடைத்த மரமே. அதாவது இத்தொழில்களின் இலாபம் காட்டில் இருந்தது, ஆலையில் அன்று. உச்ச நீதிமன்றம் 2001 அக்டோபரில் மரம் வெட்டுதலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று 2002 மே 7 அன்று ஆணை பிறப்பித்தது. வணிக நோக்கில் மரம் வெட்டுவது ஏறக்குறைய நின்றது. இக்காலத்தை ஒட்டித் தனியார் மர ஆலைகளும் மூடப்பட்டன. காடும் பழங்குடியினர் வாழ்வும் காக்கப்பட வேண்டியவை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் ஆலைத் தொழிலாளரும், அவர்களை நம்பி நடந்த தேநீர்க் கடைகளும் மளிகைக் கடைகளும் இதில் பட்ட இழப்பை எந்தத் திட்ட அறிக்கையும் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. அதே ஆணை கடற்கரை மணல் எடுப்பதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது; சிமெண்ட் கல் செய்வோருக்கும் அது புதிய நெருக்கடியாயிற்று.

போக்குவரத்து மானியத்தின் கதையும் இதற்கு மிக வேறுபட்டதன்று. எளிதில் சென்றடைய முடியாத பகுதிகளின் தொழில்களுக்காக 1971இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் தீவுகளுக்கும் பொருந்தியது. 2013இல் சரக்குக் கட்டண மானியத் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2016 நவம்பரில் அதுவும் நிறுத்தப்பட்டது. இத்தகைய மானியம் செலவு செய்த பின்னரே திரும்பக் கிடைப்பது. அதை வருமானமாக எழுதிக்கொண்டு விலை நிர்ணயித்தவர், தொகை வரும் வரை வட்டி கட்டினார். திட்டம் முடிந்தபோது விலையை உயர்த்தவும் இயலாமல் தவித்தார். மானியம் இல்லாமலே ஈடுகட்டும் விலையை முதலில் கணக்கிட்டு, வந்த மானியத்தைச் சரக்கு இருப்பில் போட்டவருக்கு 2016 ஒரு சாதாரண ஆண்டாகவே கழிந்திருக்கும்.

நிக்கோபாரின் கொப்பரை வணிகம் தனியாக ஆராயத்தக்கது. அங்கே தென்னந்தோப்புகள் துகெட் எனப்படும் கூட்டுக் குடும்பங்களுக்கு உரியவை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தால் வெளியார் உரிமம் இன்றி அங்கு வணிகம் செய்ய இயலாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தோப்புகளை அழித்தபோது கடையும் கடனும் ஒருசேரச் சாய்ந்தன. புதிதாக நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வட்டி காத்திருப்பதில்லை.

இப்போது இளைஞரின் நாட்டம் சுற்றுலாவின் பக்கம் திரும்பியுள்ளது. ஸ்வராஜ் தீவில் (2018 வரை ஹேவ்லாக்) விடுதி, உணவகம், முக்குளிப்புப் பயிற்சி என விண்ணப்பங்கள் குவிகின்றன. ஏறத்தாழ அக்டோபர் முதல் மே வரையே பயணிகள் மிகுதி. 2020இல் பெருந்தொற்றின்போது அதுவும் நின்றது. எட்டு மாத வருவாயில் பன்னிரண்டு மாதத் தவணை கட்ட வேண்டிய இத்தொழிலுக்கு, மழைக்காலத்தில் தவணையைக் குறைத்துப் பயணிகள் வரும் காலத்தில் கூட்டி வசூலிக்கும் முறையே பொருந்தும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி ஒளியிழை வடம் வந்து சேர்ந்தபின், அறை முன்பதிவும் மைதாவுக்கான கட்டளையும் நொடியில் முடிந்துவிடுகின்றன. மைதா மட்டும் இன்றும் கப்பலில்தான் வருகிறது.