வேலிக்கும் கோட்டுக்கும் நடுவே

2010 ஆகஸ்ட் 3. தெற்கு லெபனானில் அதைசே கிராமத்தை ஒட்டிய எல்லை வேலிக்கு மேலாக இஸ்ரேல் ராணுவத்தின் கிரேன் ஒன்று கையை நீட்டியது. வேலியோரம் வளர்ந்த மரங்கள் கண்காணிப்பை மறைக்கின்றன, வெட்டியாக வேண்டும் என்றது இஸ்ரேல். எங்கள் மண்ணில் நிற்கும் மரத்தில் கை வைக்காதே என்றது லெபனான் ராணுவம். நீலத் தொப்பி அணிந்த ஐ.நா. வீரர்கள் இரு பக்கமும் கையை ஆட்டிக் கத்திப் பார்த்தார்கள். எடுபடவில்லை. துப்பாக்கிகள் வெடித்தன. லெபனான் வீரர்கள் இருவர், லெபனான் பத்திரிகையாளர் ஒருவர், இஸ்ரேலிய லெப்டினன்ட் கர்னல் ஒருவர் என நான்கு உயிர்கள் போயின.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் இதே எல்லையில் 34 நாள் போர் நடந்து முடிந்திருந்தது. அப்படியொரு போர் மறுபடி மூள ஒரு மரமே போதும் என்ற நிலை. ஆனால் அன்று மாலைக்குள் சண்டை அடங்கியது. மறுநாள் கடலோர எல்லை ஊரான நகூராவில் ஐ.நா. கூட்டிய அவசரக் கூட்டத்துக்கு இரு ராணுவ அதிகாரிகளும் வந்தார்கள். மரமும் வெட்டப்பட்டது.

நடுவில் ஐ.நா. படை ஒரு முடிவை வெளியிட்டது: மரங்கள் நீலக்கோட்டுக்குத் தெற்கே, அதாவது இஸ்ரேல் பக்கம் நிற்கின்றன. பார்க்கச் சின்ன வாக்கியம்தான். அதைச் சொல்வதற்கு எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்திருக்கும் என்பது அந்த இடத்தின் அமைப்பு தெரிந்தால்தான் புரியும்.

அங்கே வேலி வேறு, கோடு வேறு. 2000-ம் ஆண்டு இஸ்ரேல் படைகள் தெற்கு லெபனானை விட்டு வெளியேறியபோது, முழுதும் வெளியேறிவிட்டனவா என்று சரிபார்க்க ஐ.நா. வரைந்ததுதான் சுமார் 120 கிலோமீட்டர் நீளமுள்ள நீலக்கோடு. அது எல்லை அல்ல. எல்லையைப் பிறகு நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். இஸ்ரேலின் கம்பிவேலியோ, மேடு பள்ளம் பார்த்து, பல இடங்களில் கோட்டிலிருந்து உள்வாங்கிப் போடப்பட்டது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நிலம் ஐ.நா. வரைபடத்தின்படி இஸ்ரேல் பக்கம். கண்ணால் பார்க்கும் லெபனான் விவசாயிக்கோ அது வேலிக்கு இந்தப் பக்கம், நம் பக்கம். போதாததற்கு, அந்த இடத்தில் கோடு போன விதத்தையே லெபனான் ஒப்புக்கொள்ளவில்லை. நம்மூர் வரப்புத் தகராறில் சர்வேயர் சங்கிலியைப் பிடித்ததும் ஒரு பங்காளிக்கு முகம் கறுக்குமே, அதே கதைதான். இங்கே பங்காளிகள் கையில் டாங்கியும் ஏவுகணையும் இருந்தன, அவ்வளவுதான்.

இப்படி ஒரு வாக்கியத்தை எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது, எந்தச் சொல்லை விடுவது என்று முடிவெடுப்பது அரசியல் விவகாரப் பிரிவு. அமைதிப்படை என்றதும் வெள்ளைக் கவச வண்டிகள்தான் நம் கண்ணுக்கு வரும். அந்த வண்டி எந்த ஊருக்குள் போகலாம், போகும் முன் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது சீருடை இல்லாத சிலரின் தலையில் விழும் வேலை. பல ஐ.நா. பணிகளில் பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக ஒரு சிவிலியன் மேலே உட்கார்ந்திருப்பார். யூனிஃபில் என்று அழைக்கப்படும் லெபனான் படையில் தளபதியே பணியின் தலைவர். அவருக்கு அடுத்த நாற்காலி அரசியல் மற்றும் குடிமை விவகார இயக்குநருடையது.

1978-ல் பாதுகாப்பு கவுன்சிலின் 425-ம் தீர்மானப்படி, முதலில் ஆறு மாதத்துக்கென்று அனுப்பப்பட்ட இடைக்காலப் படை இது. இன்றைக்கும் பெயரில் ‘இடைக்கால’ இருக்கிறது. தளபதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவார்கள். வீரர்கள் பெரும்பாலும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ ஊர் திரும்பிவிடுவார்கள். நிலைத்து இருப்பவர்கள் சிவிலியன்களும் உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்களும்தான். ஆகவே, யார் எந்தக் குடும்பம், எந்த ஊரில் அமல் கட்சிக்குச் செல்வாக்கு, எந்த ஊரில் ஹிஸ்புல்லாவுக்கு என்ற ஞாபகமெல்லாம் அவர்களிடம்தான் தங்கும்.

இந்த ஞாபகத்துக்குப் பேர்போனவர் துருக்கியரான திமுர் கோக்செல். 1979-ல் செய்தித் தொடர்பாளராகச் சேர்ந்தார். பின்னர் மூத்த அரசியல் ஆலோசகராகவும் இருந்து, 2003 வரை தெற்கு லெபனானிலேயே காலம் கழித்தார். ஹிஸ்புல்லா என்ற அமைப்பு உருவாகும் முன்பே அவர் அங்கே இருந்தார். பின்னாளில் அதில் பெரிய ஆட்களானவர்களை இளைஞர்களாக இருந்தபோதே பார்த்தவர். அந்தப் பழக்கத்தால் அவர் யாரிடமும் எதையும் கேட்க முடிந்தது. ஐ.நா.வின் பதவிச் சட்டகத்தில் இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது என்பது வேறு விஷயம்.

பழக்கமே கேடயம் என்றும் சொல்லிவிட முடியாது. 1988 பிப்ரவரியில், ஐ.நா. பார்வையாளர் குழுவில் பணிபுரிந்த அமெரிக்க லெப்டினன்ட் கர்னல் வில்லியம் ஹிக்கின்ஸ், தீர் நகரில் அமல் தலைவர் ஒருவரைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் வழியில் கடத்தப்பட்டார். பிறகு கொல்லப்பட்டார். ஒரு தரப்போடு பேசிய சந்திப்பு இன்னொரு தரப்பின் கண்ணில் எப்படிப் படும் என்பதைக் கணிப்பதும் இந்த வேலையில் சேர்த்தி.

இந்தப் பணியின் மிக மோசமான அத்தியாயம் என்று நான் நினைப்பது வேறொன்று. அதில் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. 1998 முதல் யூனிஃபிலின் கிழக்குப் பகுதியில் இந்திய ராணுவத்தின் பட்டாலியன் நிற்கிறது. 2000 அக்டோபர் 7 அன்று, அந்தக் கிழக்குப் பகுதியை ஒட்டிய ஷெபா பண்ணைப் பகுதியில் மூன்று இஸ்ரேலிய வீரர்களை ஹிஸ்புல்லா கடத்தியது. மறுநாள், கடத்தலோடு தொடர்புடையவை என்று கருதப்பட்ட வண்டிகளை மீட்கப் போனபோது ஐ.நா. தரப்பு வீடியோ எடுத்தது. ஆயுதம் ஏந்திய ஆட்கள் வந்து வண்டிகளைப் பறித்துச் சென்றதும் அதில் பதிவானது. வீடியோ இருக்கிறதா என்று இஸ்ரேல் கேட்டது. இல்லை என்றது ஐ.நா. மாதங்கள் ஓடின. 2001 ஜூலையில், இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. காட்டுகிறோம், ஆனால் ஐ.நா.வைச் சேராதவர்களின் முகங்களை மறைத்துத்தான் காட்டுவோம் என்றார்கள். முகத்தைக் காட்டினால் ஒரு தரப்புக்கு உளவு சொன்னதாகிவிடும், மறைத்தால் மறு தரப்புக்குத் துணை போனதாகிவிடும் என்ற இக்கட்டு. அப்போதைய பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் உத்தரவிட்ட உள்விசாரணை, தவறான கணிப்புகளும் உள்ளுக்குள் தகவல் சரியாகப் போய்ச் சேராததுமே காரணம் என்றது.

முகத்தை மறைத்ததைக்கூட நியாயப்படுத்தலாம். ‘இல்லை’ என்று சொன்னதை முடியாது. பீரங்கியைத் தடுக்க அதிகாரம் இல்லாத ஒரு படையிடம் இரு பக்கமும் நம்பும் ஒரே சரக்கு, அது சொல்லும் தகவல். அது ஒருமுறை பொய்த்தால் அடுத்த மரத்தின் விஷயத்தில் யார் கேட்பார்கள்?

2006 போருக்குப் பின் வந்த 1701-ம் தீர்மானம் படையின் உச்சவரம்பை 15,000 ஆக உயர்த்தியது. அதைவிடப் பயன்பட்டது, அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய முத்தரப்புக் கூட்டம். இடம், மத்தியதரைக் கடலோரம் ராஸ் நகூராவில் கோட்டை ஒட்டிய ஐ.நா. நிலை. இஸ்ரேலும் லெபனானும் சட்டப்படி இன்னும் பகை நாடுகள். ஆகவே ஒரே அறையில் உட்கார்ந்தாலும் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. இருவரும் தலைமை தாங்கும் ஐ.நா. தளபதியைப் பார்த்தே பேசினார்கள். எதிரே இருப்பவர் சொன்னது காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் தளபதி வழியாக வந்தால்தான் அது வந்ததாகக் கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரலாம். 2023 வரை இந்த நாடகம் தடையில்லாமல் நடந்ததற்குக் காரணமே, இரு தரப்பும் தங்கள் ஊரில் போய் “நாங்கள் ஐ.நா.வோடுதான் பேசினோம்” என்று சொல்ல முடிந்ததுதான்.

அங்கே பேசப்பட்டவை என்ன? கோடு தாண்டிய மாடுகள், பிடித்துச் செல்லப்பட்ட ஆட்டிடையர்கள், காட்டுத்தீ, வேலி பழுது. எந்த இடத்தில் நீலப் பீப்பாய் நட்டுக் கோட்டை அடையாளம் காட்டலாம் என்பது ஒரு நீண்ட பஞ்சாயத்து. ஹூலா கிராமத்துக்கு அருகே குன்றின் மேல் ஒரு சமாதி இருக்கிறது. முஸ்லிம்களுக்கு அது ஷேக் அப்பாத். யூதர்களுக்கு தல்மூதைத் தொகுத்த ராவ் ஆஷி. நீலக்கோட்டை அந்தச் சமாதியின் குறுக்காகவே கொண்டுபோனது ஐ.நா. இப்படிப்பட்ட கோட்டை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் பெரிய சண்டை இல்லாமல் ஓட்டியதே பெரிது.

பாதுகாப்பு கவுன்சிலுக்குப் போகும் அறிக்கைகளின் கச்சாப் பொருளும் இங்கிருந்துதான் வரும். எழுதாமல் விடுவதில் இருக்கிறது அவற்றின் சாமர்த்தியம். 2018 டிசம்பரில் ஹிஸ்புல்லா சுரங்கங்களைக் கண்டுபிடித்ததாக இஸ்ரேல் அறிவித்தது. யூனிஃபில் தானே போய்ச் சோதித்து, இரண்டு சுரங்கங்கள் நீலக்கோட்டைத் தாண்டுகின்றன, இது 1701-ஐ மீறிய செயல் என்றது. தோண்டியது யார் என்று அந்த அறிவிப்பு சொல்லவில்லை. கண்ணால் சரிபார்த்தது சுரங்கத்தை. தோண்டிய கையை அல்ல. கோழைத்தனம் என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அது ஒழுங்காகப் படுகிறது.

ஆனாலும் இந்த வேலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஹிஸ்புல்லா ஆயுதம் குவித்ததை இந்தப் படை தடுக்கவில்லை என்கிறது இஸ்ரேல். எங்கள் தலைக்கு மேல் தினமும் பறந்த இஸ்ரேல் விமானங்களைத் தடுக்கவில்லை என்கிறது லெபனான். இரண்டும் உண்மை. லெபனான் ராணுவத்துக்குத் துணை நில் என்று சொல்லி அனுப்பப்பட்ட படையிடம் அதற்கு மேல் கேட்டது கவுன்சிலின் கபடம். மரத் தகராறு போராக மாறாமல் பார்த்துக்கொள்ள நகூராவால் முடியும். போர் வேண்டும் என்று ஒரு தரப்பு முடிவெடுத்துவிட்டால் அந்த மேசை வெறும் மேசைதான். 2023 அக்டோபர் 8 முதல் எல்லையில் மூண்ட சண்டையில் அதைப் பார்த்தோம். முத்தரப்புக் கூட்டம் நின்றுபோனது. 2024 அக்டோபரில் நகூரா தலைமையகத்தின் கண்காணிப்புக் கோபுரத்தையே இஸ்ரேலிய டாங்கி சுட்டது. இந்தோனேசிய வீரர்கள் இருவர் காயமடைந்தார்கள். அடுத்த நாள் அங்கே காயமடைந்த இருவர் இலங்கை ராணுவத்தினர். தலைமையகத்தைக் காப்பது இலங்கைப் படைக் கம்பெனியின் பொறுப்பாக இருந்தது.

2025 ஆகஸ்டில் பாதுகாப்பு கவுன்சில் 2790-ம் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2026 டிசம்பர் 31-ஓடு யூனிஃபிலின் பணி முடியும். அதிலிருந்து ஓராண்டுக்குள் படை வெளியேற வேண்டும். பிறகு 1701-ஐ எப்படி அமல்படுத்துவது என்பதற்கான வழிகளை 2026 ஜூன் 1-க்குள் சொல்லும்படி பொதுச்செயலாளரைக் கேட்டது. எத்தனை வீரர், எத்தனை வண்டி என்ற கணக்கில்தான் எல்லோரும் கண் வைப்பார்கள். நான் தேடுவது வேறு: இரு பக்கத்துத் தொலைபேசி எண்களும் பழக்கமும் உள்ள நாலு அரசியல் அலுவலர்களுக்கு, 2027-க்குப் பிறகு நகூராவிலோ அதன் பக்கத்திலோ ஓர் அறையாவது மிஞ்சுமா? மாடுகள் அப்போதும் கோட்டைத் தாண்டிப் போய் மேயத்தான் போகின்றன.