விழுந்த பந்தய வண்டியும் புலப்படாத விரிசலும்

பெங்களூரிலுள்ள மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்கள் பலர், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் சென்னையை அடுத்துள்ள இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் பயிற்சி பெறுகின்றனர். 1990-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வோடுதளத்தின் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். வளைவில் வழுக்கி விழும் வண்டி, பழுதுபார்ப்பதற்காக மீண்டும் நகருக்குக் கொண்டுவரப்படுகிறது. முறிந்த லீவர், நசுங்கிய கால்மிதி ஆகியவற்றுக்கு ஈடாக, ஜே. சி. சாலைக் கடைகளில் மாற்றுப் பாகம் தேடலாம். ஆனால் எஞ்சியுள்ள உலோகம் எந்நிலையில் உள்ளது என்பதைக் கடையில் கேட்டறிய இயலாது. அதனை அறியாமல் வண்டியை ஓடுதளத்திற்கு அனுப்புவது, அடுத்து ஏறுபவரின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

முதற்கண், பெட்ரோலோ எண்ணெயோ கசிகிறதா என்று பார்த்தல் வேண்டும். காற்று புகும் வழியில் மணல் சேர்ந்துள்ளதா என்பதையும் ஆராய வேண்டும். அதற்கு முன் எஞ்சினை இயக்கினால் மணல் சிலிண்டருக்குள் புகுந்து தேய்மானத்தை உண்டாக்கும்.

அடுத்தது வளைவுப் பரிசோதனை. இரண்டு நீண்ட நூல்களைப் பின் டயரின் இரு பக்கங்களையும் ஒட்டி இழுத்து, முன் சக்கரம் வரை நீட்ட வேண்டும். முன் சக்கரத்தை நேராக நிறுத்தினால், அதன் இரு பக்கங்களிலும் நூலுக்குள்ள இடைவெளி சமமாக இருத்தல் வேண்டும். சமமில்லையெனில் பின் சக்கரம் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். அன்றேல் போர்க்கோ சேஸிஸோ வளைந்திருக்கலாம். போர்க் குழாயைக் கழற்றி, ‘வி’ வடிவத் தாங்கிகளின் மேல் கிடத்தி மெல்ல உருட்டி, டயல் கேஜினால் அளப்பர். கருவியின் முள் நகரும் மொத்த அளவில் பாதியே உண்மையான வளைவு. பல வண்டிகளுக்கு 0.2 மில்லிமீட்டரே அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு.

வளைந்த குழாயை நிமிர்த்திப் பயன்படுத்தினால் என்ன? எந்த உலோகத்திற்கும் ஒரு மீள் எல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் வளைந்தது தானே நிமிரும். அதனைக் கடந்து வளைந்தது நிலையாக உருமாறிவிடும். அதனை வலிந்து நிமிர்த்தும்போது உலோகம் கடினமாகி, இழுபடும் தன்மையை இழக்கிறது. நுண்ணிய விரிசல்களும் தோன்றலாம். வடிவம் திரும்பினாலும் வலிமை திரும்புவதில்லை. ஆதலின் வளைந்த போர்க் குழாயை நிமிர்த்தாமல் மாற்றுவதே முறை. அலுமினிய ஹாண்டில்பாருக்கும் வார்ப்புப் பாகங்களுக்கும் இவ்விதி மேலும் கண்டிப்பாகப் பொருந்தும்.

விரிசல் ஒருநாளில் முறிவதன்று. ஓட்டத்தின் அதிர்வினால் சிறிது சிறிதாக வளர்ந்து, திடீரெனப் பிளக்கும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1954-ஆம் ஆண்டில் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் வானில் சிதறியதற்கு இதுவே காரணம் எனக் கண்டறியப்பட்டது. 1940-இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1960-இல் டில்லியிலிருந்து தேசிய விமான ஆய்வுக்கூடமும் வந்தமைந்த பெங்களூருக்கு இவ்விஷயம் புதிதன்று.

கண்ணுக்குப் புலப்படாத விரிசலைக் காட்டுவது நுண்புழை ஈர்ப்பு என்னும் இயற்கை விதி. சுத்தம் செய்த பாகத்தின் மேல் சிவப்புச் சாயத் திரவத்தைப் பூசினால், அது விரிசலுக்குள் ஊடுருவும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெண்பொடியைப் படிய வைத்தால், உள்ளே தங்கிய சாயம் வெளிப்பட்டுச் சிவப்புக் கோடாகத் தோன்றும். இதன் முன்னோடியாக, எண்ணெயும் வெண்சுண்ணப் பொடியும் கொண்டு ரெயில்வே பணிமனைகள் கனமான பாகங்களைச் சோதித்தன.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். கீறல் விழுந்த பீங்கான் கிண்ணத்தை மண்ணெண்ணெயில் சிறிது நேரம் ஊறவைத்து, நன்கு துடைத்து, சாக்குத் தூளை மெல்லிதாகத் தூவினால், கீறலின் மேல் தூள் நனைந்து கோடு தெரியும். அருகில் நெருப்பு இருத்தலாகாது. இம்முறை பெரிய விரிசல்களையே காட்டும். வண்டியின் பாகங்களுக்குச் சாயப் பரிசோதனையே தக்கது.

சர்வதேசப் பந்தய விதிகளின்படி, விபத்துக்குள்ளான வண்டி தொழில்நுட்ப மறுபரிசோதனைக்குப் பின்னரே ஓடுதளம் ஏறலாம். சாலையில் விழுந்து எழும் சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு அத்தகைய பரிசோதகர் எவரும் இல்லை. கிராமங்களுக்கு அன்றாடம் வண்டியில் செல்லும் களப் பணியாளர், விழுந்த வண்டியின் போர்க்கையும் ஹாண்டில்பாரையும் சோதிக்கச் செய்த பின்னரே அதில் மீண்டும் ஏறுதல் நலம்.