கொல்லிமலையின் பழைய வைத்தியம்

சங்க காலத்தில் கொல்லிமலைக்காக நடந்த போர்கள் கொஞ்சமல்ல. இதை ஆண்ட வல்வில் ஓரியைக் கொன்று மலையமான் திருமுடிக்காரி இதைச் சேரனுக்குக் கொடுத்தான். பெருஞ்சேரல் இரும்பொறை இந்த மலைப்பகுதியில்தான் அதியமானையும் இரு பெருவேந்தரையும் வென்றான் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம்.

வெற்றியைப் புலவர்கள் பாடினார்கள். வெட்டுப்பட்டு வீடு திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்?

அதற்கும் பதில் இருக்கிறது. இரும்பொறையைப் பாடிய அரிசில்கிழாரின் பெயரில் உள்ள புறநானூறு 281ஆம் பாடல், புண்பட்ட வீரன் படுத்திருக்கும் வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறது. கூரை விளிம்பில் வேப்பிலையும் இரவ மரத்தின் இலையும் செருகுகிறார்கள். ஐயவி எனும் வெண்கடுகைத் தூவுகிறார்கள். வீடு முழுக்க நறும்புகை; யாழும் குழலும் மணியும் ஒலிக்க, காஞ்சிப் பண் பாடி விழித்திருக்கிறார்கள். பேய் அண்டாதிருக்கச் செய்த சடங்கு இது. ஆனாலும் வேம்புக்குக் கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் உண்டென்று இன்றைய ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. வலியில் கிடப்பவனைத் தனியே விடாமல் பாட்டோடு காவலிருந்ததையும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

அன்றைக்குத் தையலும் இருந்தது. பரணர் பாடிய பதிற்றுப்பத்துப் பாடலொன்றில், மார்புப் புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசி, குளத்து நீரில் பாய்ந்து எழும் மீன்கொத்தியைப் போலத் தசைக்குள் போய் வருகிறது. அருகிலிருந்து பார்த்தவரின் வருணனை அது. இதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே எகிப்தியர்கள் காயத்தைத் தைத்துத் தேன் பூசியிருக்கிறார்கள். சுமார் 3,600 ஆண்டுப் பழமையுள்ள எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் அதைச் சொல்கிறது.

போர்க்கால வைத்தியம் இருக்கட்டும்; கொல்லிமலையில் இன்றும் புழக்கத்தில் இருப்பது முடவாட்டுக்கால் கிழங்கு. ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்த இந்த மலையில், மூட்டுவலிக்காரர்கள் தேடி வாங்குவது இதைத்தான். சோளக்காடு சந்தையில் குவித்து விற்கிறார்கள். பழுப்பு ரோமத்தைச் சீவி, நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்க வைத்தால் சூப் தயார்.

கிழங்கு என்று சொன்னாலும், இது டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்ற பெரணிச் செடியின் தண்டு. மண்ணை நம்பாமல் பாறையிலும் மரத்திலும் பற்றி வளர்வது. காய்ந்து பழுப்பான இலைகளே கூடைபோல் நின்று சருகைச் சேர்த்து, மட்கவைத்து, செடிக்கு உரமாக்கும். இதன் சீன உறவுச்செடி ஒன்றும் எலும்பு முறிவுக்கான மருந்துதான். தாங் வம்ச மருத்துவர் சென் சாங்சீ 8ஆம் நூற்றாண்டிலேயே அதைக் குறித்து வைத்தார்.

நம் செடியின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த திருவனந்தபுரம் தாவரவியல் தோட்ட விஞ்ஞானிகள், வீக்கமும் வலியும் குறைந்ததாக 2010இல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் எலியிடம் கண்டதை வைத்து மனிதருக்கு வாக்குறுதி கொடுத்துவிட முடியாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சூப்புக்காக நிறுத்துவது ஆபத்து.

செடியைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. பூவும் விதையும் இல்லாத பெரணி இது. வித்துத்தூள் பாறையில் ஒட்டி வளர்ந்து, வெட்டி எடுக்கும் அளவுக்குத் தண்டு பருக்க ஆண்டுகள் பிடிக்கும். முழுத் தண்டையும் பெயர்த்தால் அந்தப் பாறை வெறும் பாறைதான். நுனியோடு ஒரு துண்டை விட்டு வைத்தால் அதே இடத்தில் மறுபடி படரும்.