நிலக்கரிக்கு ஈடாக நாடகம்

1946-ஆம் ஆண்டுக் குளிர்காலம். போரில் தோற்ற ஜெர்மனியில் சோற்றுக்கும் பஞ்சம், எரிபொருளுக்கும் பஞ்சம். ஹாம்பர்க் நகர நாடக அரங்குகளைச் சூடாக வைக்க நிலக்கரி இல்லை. கதவைச் சாத்த வேண்டியதுதான் என்ற நிலை. அரங்க நிர்வாகி ஓட்டோ புர்மைஸ்டரும் அவருடைய சகாக்களும் இரண்டு லாரிகளில் ரூர் சுரங்கப் பிரதேசத்துக்குப் புறப்பட்டனர். பெட்ரோல் ஏது? விறகை எரித்து வரும் வாயுவில் ஓடிய லாரிகள் அவை.

ரெக்லிங்ஹாவுஸன் என்ற ஊரில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். அப்போது கரி முழுவதும் நேச நாட்டு ராணுவ நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. வெளியாருக்குக் கொடுப்பது குற்றம். ஆனாலும் தொழிலாளர்கள் அதிகாரிகளின் கண்ணில் படாமல் லாரிகளை நிரப்பி அனுப்பினர். ஒரு தடவை அல்ல, பல தடவை.

1947 கோடையில் ஹாம்பர்க் நடிகர்கள் அந்த ஊருக்கே வந்து, சுரங்கத் தொழிலாளர்களுக்கு நாடகம் நடத்தி நன்றிக் கடனைத் தீர்த்தனர். ரூர் கலைவிழா பிறந்த கதை இதுதான். நகர சபையும் தொழிற்சங்க சம்மேளனமும் சேர்ந்து அதை நிலையான விழாவாக்கின. மே தினத்தன்று மக்கள் திருவிழாவுடன் தொடங்குவது வழக்கமாயிற்று. 1965-இல் சொந்த அரங்கமும் எழுந்தது.

சங்கு நின்ற பிறகு

இதற்குள் கரியின் காலம் சரியத் தொடங்கிவிட்டது. 1957-இல் மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை பார்த்தனர். மறு ஆண்டே எண்ணெயும் மலிவான வெளிநாட்டுக் கரியும் சந்தையைப் பிடித்தன. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

தொழிலாளர்களை ஒரேயடியாகத் தெருவில் விடவில்லை. வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம், மற்றவர்களுக்கு வேறு சுரங்கத்துக்கு மாற்றல் என்று ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். சங்கமும் அரசும் செய்த காரியம் அது. கலைவிழா செய்ததென்று சொன்னால் பொய். கெல்ஸன்கிர்ஷன் போன்ற ஊர்களில் இன்றும் வேலையில்லாதோர் அதிகம்.

ஆனால் வேலை போனால் போவது சம்பளம் மட்டுமா? கோலார் தங்கவயல்காரர்களைக் கேட்டால் தெரியும். அது தங்கச் சுரங்கம்தான்; என்றாலும் 2001-இல் அது மூடப்பட்ட பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூருவுக்குப் போய் இரவில் திரும்பும் பிள்ளைகளுக்கு, தகப்பனும் பாட்டனும் இறங்கிய ஷாப்ட் எது என்று காட்ட ஆள் வேண்டியிருக்கிறது.

ரூர் மக்கள் அதைக் காட்டினார்கள். 2010 மே மாதத்தில், பழைய சுரங்க வாய்கள் இருந்த 300-க்கு மேற்பட்ட இடங்களில் பெரிய மஞ்சள் பலூன்களை 80 மீட்டர் உயரத்தில் பறக்க விட்டனர். இன்று கடையும் வீடுமாகிவிட்ட இடங்களிலும் பலூன் எழுந்தது. அந்தந்த ஊர்க்காரர்களே கயிற்றைப் பிடித்து நின்று, வந்தவர்களுக்குக் கதை சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலை 18 அன்று டூயிஸ்பர்க் முதல் டார்ட்மண்ட் வரை 60 கிலோ மீட்டர் நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தி, 20,000 மேஜைகள் போட்டார்கள். பாட்டு, கூத்து, சாப்பாடு. வந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர்!

ஓர் இரவு முழுவதும் பழைய ஆலைகளிலும் சுரங்கங்களிலும் நடக்கும் இன்னொரு விழாவும் 2001-இல் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் 'கூடுதல் ஷிப்ட்'. ஷிப்ட் பார்த்தவர்கள்தான் இப்படிப் பெயர் வைக்க முடியும்.

அடுத்த முறை பழுப்பு நிலக்கரி வட்டாரங்களுடையது. 2038-க்குள் கரி மின் நிலையங்களை நிறுத்த 2020-இல் சட்டம் வந்துவிட்டது. நெய்வேலியை அறிந்தவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.

ரூரின் கடைசிச் சுரங்கம் பாட்ராப் நகரில் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது. தொழிலாளர்கள் மேலே கொண்டுவந்த கடைசிக் கரிக்கட்டியை நாட்டின் ஜனாதிபதியிடம் கொடுத்தனர். 2019 மே தினத்தன்று ரெக்லிங்ஹாவுஸனில் விழா வழக்கம்போல் தொடங்கியது.