வெயிலுக்குப் பழகும் இரண்டு வாரம்

பங்குனி பாதி கடந்ததும் வேப்பமரம் தன் பழுத்த இலைகளைக் கொட்டிவிட்டுச் செம்புநிறத்தில் துளிர்க்கிறது. துளிருக்குப் பின்னாலேயே பூவும் வந்துவிடுகிறது. விடியற்காலையில் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்தால், வெயில் ஏறுவதற்குள் கைப்பிடிப் பூவாவது சேர்ந்துவிடும். காம்பும் தூசும் போகப் புடைத்து, மொறுமொறுவென்று காயவைத்து டப்பாவில் போட்டால் அடுத்த பங்குனி வரை வரும். நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகுதான் போட வேண்டும். முன்னமே போட்டுக் கொதிக்கவிட்டால் ரசம் முழுக்கக் கசந்துபோகும்.

பூவை இப்படி அளவாகச் சேர்ப்பது நல்லது. ஆனால் 'வேம்புதானே' என்று குழந்தைக்கு வேப்பெண்ணெயைப் புகட்டும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கு அது நஞ்சாகி, வலிப்பு வரை கொண்டுபோயிருக்கிறது.

வேம்பு பூத்த கையோடு வரும் சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். குளிர்நாட்டில் வசந்தம் என்றால் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் வெளியே வரும் காலம். நாமோ வெயிலுக்குள் நுழைகிறோம். அதனால் இந்தப் பருவத்தில் உடம்பு புதுப்பித்துக்கொள்ள வேண்டியது ஒன்றைத்தான்: வெயிலைத் தாங்கும் திறனை.

அதை உடம்பு தானாகவே செய்துகொள்கிறது, அவகாசம் கொடுத்தால். தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் வெப்பத்தில் நடமாடினால் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் உள்ளே பல மாற்றங்கள் நடக்கின்றன. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேலைக்கு இதயம் முன்போல் படபடப்பதில்லை. வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவருக்கு இந்தப் பழக்கம் கிடைப்பதில்லை. கிடைத்த பழக்கமும் சில வாரம் விட்டால் போய்விடும். ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு; மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம். இடையில் இருக்கும் மூன்று வாரத்தை உடம்பைப் பழக்க எடுத்துக்கொள்ளலாம். காலையிலோ மாலையிலோ நடந்தால் போதும். உச்சிவெயிலில் நின்று வீரம் காட்டத் தேவையில்லை.

பழகும் நாட்களில் வியர்வையோடு உப்பு அதிகம் போகும்; நீரோ கோடை முழுக்கவே வேண்டும். உப்புப் போட்டுப் பெருக்கிய நீர்மோர், ராமநவமிப் பானகம், நுங்கு, இளநீர் எல்லாம் இந்தப் பருவத்துக்கென்றே அமைந்தவை. தெருமுனை மோர்ப்பந்தலை நான் பெரிய சுகாதாரப் பணியாகவே மதிக்கிறேன். பானை மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும், தண்ணீர் காய்ச்சியதாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர்பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரக நோயாளிகளும் எவ்வளவு குடிக்கலாம், எவ்வளவு உப்புச் சேர்க்கலாம் என்று தங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுவது நல்லது. வெயிலில் இருந்தவர் தலைசுற்றிப் பிதற்றினாலோ மயங்கினாலோ உடனே நிழலுக்குத் தூக்கி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வெயிலில் வேலை செய்து சுருண்டு விழுபவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே விழுகிறார்கள். உடம்பு பழகுவதற்குள் முழுப்பாரம் ஏறிவிடுகிறது. அமெரிக்காவின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனமான நயோஷ், புதிதாக வருபவருக்கு முதல் நாள் வெயில் வேலை ஐந்தில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும், பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டலாம் என்கிறது. தமிழ்நாடு அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் அதனால் கிடைக்கும். சாகாமல் காப்பது வேலை தருபவர் கையில் இருக்கிறது. கட்டடம் கட்டுபவர்களே, செங்கல் சூளை நடத்துபவர்களே, புதிதாக வரும் ஆளுக்கு முதல் வாரம் முழுக்கூலி கொடுத்து வெயில் வேலையை மட்டும் குறைத்துக் கொடுங்கள்.