ஆறு டிகிரி தண்ணீரில் முதல் மூன்று நிமிடங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கத்திலிருந்து தோல் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்துக்குப் போகிறவர்களுக்கு நார்த்தாம்ப்டன் பழக்கமான பெயர். ஷூ தயாரிப்பில் பேர்பெற்ற ஊர். அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தில் தோலுக்கென்றே தனியாக ஒரு துறை உண்டு. அந்த ஊரிலிருந்து வடமேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டோனி கோவ் வந்துவிடும். ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய குவாரி. வேலை நின்றதும் நீர் நிறைந்து ஏரியானது. இன்று பிரிட்டனில் ஸ்கூபா பழகுகிற பலரும் முதலில் இறங்கும் இடம் இதுதான். படகு வேண்டாம். சாய்தளத்தில் நடந்தபடியே தண்ணீருக்குள் போகலாம். குவாரியின் படிகள் அப்படியே நீருக்கடியில் இருக்கின்றன: முதல் படி ஆறேழு மீட்டரில், அடுத்தது இருபதை ஒட்டி, அடித்தளம் சுமார் 35 மீட்டரில். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் ஐந்தாறு டிகிரிக்கு வந்துவிடும்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து அப்படிப் படிக்கப் போன, புதுச்சேரிக் கடலில் 28 டிகிரி வெதுவெதுப்பில் ஸ்கூபா கற்றுக்கொண்ட இரண்டு பேர் இங்கே முதன்முறையாக இறங்கத் திட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஆழத்தைப் பற்றியே இருக்கும். ஆனால் முதலில் போட வேண்டியது வெப்பக் கணக்கு.

வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வல்லது. ஆடையின்றி, அசையாமல் இருக்கும் உடல் வெப்பத்தை இழக்காமலிருக்க, சுற்றியுள்ள நீர் 33 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே எந்த நீரும் நம்மிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த நாட்களில், கல்லைப் பிடித்துக்கொண்டு ஐந்து முதல் பத்து பாகம் (ஃபாதம்) வரை இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளியவர்களின் கடல் நமக்குச் சூடான கடல். அதிலும் நாள் முழுக்க இறங்கி ஏறினால் உடம்பு வெடவெடக்கும். ஆறு டிகிரியில் அந்த இழப்பு எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேலூர் வெயிலில் வளர்ந்த உடல் வியர்ப்பதில் கெட்டி. குளிருக்கு அந்தப் பழக்கம் கைகொடுக்காது.

ஆனாலும் உடல் விறைத்துப்போவது முதல் ஆபத்தல்ல. அதற்கு நேரமெடுக்கும். முதல் ஆபத்து சில நொடிகளில் வருகிறது. 15 டிகிரிக்குக் கீழான நீர் தோலைத் தொட்டதும், நாம் கேட்காமலேயே ஒரு பெரிய மூச்சு உள்ளே இழுக்கப்படும். அடுத்து மூச்சிரைப்பு, இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடங்களில் தணிந்துவிடும். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான். தோலின் குளிர் உணரிகள் இதயத்தை வேகப்படுத்தச் சொல்கின்றன. அதே நேரத்தில் முகத்தில் படும் குளிர்நீர் இதயத்தை மெதுவாக்கச் சொல்கிறது. இரண்டு கட்டளைகளும் ஒரே நேரத்தில் வந்தால் இதயத்துடிப்பின் ஒழுங்கு குலையலாம். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்பது இதனால்தான். மற்றவர்களும் தொபுக்கடீரென்று குதிக்காமல், இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை நனைத்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். கரையிலிருந்து நடந்து இறங்கும் இடத்தை முதல் குளிர்முழுக்குக்குத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தெரியும் மிகப் பெரிய நன்மை இதுதான். படகிலிருந்து குதிப்பவருக்கு அந்த மூன்று நிமிட அவகாசம் கிடையாது.

அடுத்தது சிலிண்டர். காற்றை அழுத்தி நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். மே மாத வேலூர் நண்பகல் அளவுக்கு, 40 டிகிரியில், மானி 200 பார் காட்டுகிறது என்று கொள்வோம். அதே சிலிண்டர் ஆறு டிகிரி நீரில் ஆறியதும் 178 பார்தான் காட்டும். ஒரு மூச்சுகூட இழுக்காமல் 22 பார் குறைந்துவிட்டது. கசிவு எதுவுமில்லை, குளிரில் வாயுவின் அழுத்தம் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் கரையில் பார்த்த 200-ஐ நம்பித் திட்டம் போட்டவருக்கு, 12 லிட்டர் சிலிண்டரில் 264 லிட்டர் காற்று கணக்கில் உதைக்கும். ஆகவே 178-இலிருந்து தொடங்குவோம். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு. ஆறு மீட்டரில் அழுத்தம் 1.6 பார். குளிரில் மூச்சு கூடும் என்பதால் நிமிடத்துக்கு 25 லிட்டர் என்று வைத்தால், அந்த ஆழத்தில் 40 லிட்டர் செலவாகும். போவதற்குக் கிடைப்பது சுமார் 18 நிமிடம். விரல்கள் அதற்கு முன்பே மரத்துப்போனால் அப்போதே திரும்ப வேண்டும். கொக்கியைக் கழற்ற முடியாத கையோடு நீருக்கடியில் நிற்பது பெரிய ஆபத்து.

சிலிண்டரில் அடைபட்ட காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்துக்கு இறக்கித் தருவது ரெகுலேட்டர். அழுத்தம் சடாரென்று இறங்கும் இடத்தில் காற்று உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடும். சுற்றியுள்ள நீரும் பத்து டிகிரிக்குக் கீழே இருந்தால் உள்ளே பனி கட்டி வால்வு திறந்தபடியே நின்றுவிடலாம். காற்று நிற்காமல் கொட்டும், சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகும். நன்னீர் பூஜ்ஜியத்தில் உறைவதால் கடலைவிட ஏரியில் இதற்கு வாய்ப்பு அதிகம். குளிர்நீருக்கென்று சான்று பெற்ற ரெகுலேட்டர் வேண்டும். நீரில் இறங்குவதற்கு முன் குளிர்காற்றில் அதை ஊதிப் பார்க்கக் கூடாது. மூச்சில் உள்ள ஈரமும் பனியாகும்.

நீரடி உடையின் வரலாற்றில் தோலுக்கு ஓர் இடமுண்டு. தோலோடு வாழும் வட்டாரத்தில் இதை யாரும் பேசிக் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம். 1690-களில் எட்மண்ட் ஹேலி, வால்மீனுக்குப் பெயர் கொடுத்த அதே ஹேலி, மணி வடிவ நீரடிக் கூண்டுக்குள் புதுக்காற்று கொண்டுபோக எண்ணெயும் தேன்மெழுகும் ஊட்டிய தோல்குழாயைப் பயன்படுத்தினார். 1715-இல் ஜான் லெத்பிரிட்ஜ் மரப்பீப்பாய்க்குள் படுத்தபடி கடலடிக்குப் போனார். கைகளை வெளியே நீட்டிய துளைகளில் நீர் புகாமல் காத்தவை கொழுப்பு தடவிய தோல் பட்டைகள். 1797-இல் கிளிங்கெர்ட் என்ற ஜெர்மானியர் தோலாலேயே சட்டையும் கால்சட்டையும் தைத்து, அதை அணிந்தவரை ஓடர் ஆற்றில் இறக்கினார். கொழுப்பேற்றிய தோல் நீரைத் தடுத்தது. குளிரை அவ்வளவாகத் தடுக்கவில்லை. குளிரைத் தடுப்பது தோலோ ரப்பரோ அல்ல, அசையாமல் அடைபட்ட வாயு. 1950-களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் நியோப்ரீன் உடையை வடிவமைத்தது இந்தப் புரிதலில்தான். ஆம்பூர் ஷூவுக்குள் வைக்கும் ஃபோமைப் போல அதற்குள் லட்சக்கணக்கான வாயுக்குமிழ்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாவதால் குமிழ்கள் நசுங்கும். உடை மெலியும், குளிர் ஏறும், மிதப்பும் குறையும். ஆறு டிகிரிக்கு, நீர் புகாத, உள்ளே கம்பளியும் காற்றும் வைக்கும் ட்ரை சூட்டே சரி. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. உடைக்குள் உள்ள காற்று மேலேறும்போது விரிந்து ஆளையே தூக்கிக்கொண்டு போகும் என்பதால் பயிற்சி இல்லாமல் அதை அணியக் கூடாது.

ஆழத்தைப் பற்றிய கேள்விக்கு ஆடுகள் பதில் தந்திருக்கின்றன. பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஹால்டேன் குழு, அழுத்த அறைக்குள் ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908-இல் முடிவுகளை வெளியிட்டது. அழுத்தத்தை வேகமாகக் குறைத்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகும். மூட்டு வலிக்கும் ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும்வரை பெரும்பாலும் ஆபத்தில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஆறு மீட்டரிலிருந்து மேலே வரும்போது அழுத்தம் 1.6-இலிருந்து 1 பாருக்குத்தான் இறங்குகிறது. ஆகவே முதல் படியோடு நின்றுகொண்டால் நைட்ரஜன் பெரிய கவலையல்ல. மூச்சை அடக்காமல் மெதுவாக ஏறினால் போதும். இருபது மீட்டர் படியில் மூழ்கிக் கிடக்கும் கப்பல் அடுத்த ஆண்டுவரை காத்திருக்கட்டும். ஆழத்தில் நைட்ரஜன் ஏறிய உடல் பிறகு குளிர்ந்தால், சுருங்கிய ரத்தநாளங்கள் அதை வெளியே விட மறுக்கும்.

நன்னீரில் மிதப்பு குறைவு. புதுச்சேரியில் கட்டிய எடையில் இரண்டு கிலோ அளவு குறைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் ட்ரை சூட் அதைவிட அதிகமாகக் கேட்கும். கரையோரத்தில் மிதந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். குளிரில் ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்குவதால் சிறுநீர் அதிகமாகும். முன்பும் பின்பும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

மேலே வந்ததும் சுடுதண்ணீரில் நிற்க வேண்டாம். உலர்ந்த உடை, தொப்பி, சூடான டீ. கொஞ்சம் கொஞ்சமாகவே உடல் சூடேறட்டும். குளிர் அதிர்ச்சியில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு முறை குளிர்நீரில் இறங்கினாலே அந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகிறது, அந்தப் பழக்கத்தின் ஒரு பகுதி பல மாதங்களுக்கு உடலில் தங்குகிறது என்று டிப்டன் குழு கண்டிருக்கிறது. இதற்கு ஸ்கூபா கருவிகூட வேண்டாம். கரையோரத்தில், துணைக்கு ஒருவர் நிற்க, கழுத்தளவு நீரே போதும்.